எது என்று சொல்ல மாட்டேன்

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 3, 2009

எமில்,

பூனைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. தக்காளிச் செடிகளுக்கு நேற்று வரை தண்ணீர் விட்டேன். வீட்டுச் சாவி தபால் பெட்டிக்குள் இருக்கிறது. அக்கா என்ற முறையில் நான் உனக்குச் செய்கிற வேலை இதோடு முடிந்தது.

நீ ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போன ஐந்தாம் நாள் உன் சமையலறைக் கதவின் கீல் கழன்று ஆடியது. திருப்புளி தேடி ஷெட்டுக்குப் போனேன். மேல் தட்டில் நீ வரிசையாக வைத்திருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள். நட்டு ஒன்றில், வாஷர் ஒன்றில், எல்லாவற்றுக்கும் லேபிள். நீ எதையும் தூக்கிப் போட மாட்டாய். கடைசிக் குப்பியில் வெள்ளையாக, வெயிலில் உரிந்த தோல் மாதிரி, சுருள் சுருளாக ஏதோ கிடந்தது. லேபிளில் உன் கையெழுத்து: ‘வலது டேங்க். ஜூன் 9, 2006.’

அங்கேயே உன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருஷம் உன் கையால் கட்டிய முதல் விமானத்தை 2007 மே மாதம் என் புருஷனுக்கு விற்றாய். சரியாக ஒரு வருஷம் கழித்து, மே 14ஆம் தேதி, உன் புல் ஓடுதளத்திலிருந்து ராய்ஸ் மேலே ஏறினார். இருநூறு அடி உயரத்தில் என்ஜின் நின்றது. சோள வயலில் தண்ணீர் பாய்ச்சும் இரும்புச் சட்டத்தில் போய் மோதினார். ஒழுகாமல் இருக்க பெட்ரோல் டேங்க்குக்குள் நீ பூசியிருந்த பூச்சு உரிந்து வந்து பெட்ரோல் வடிகட்டியை அடைத்துவிட்டது என்று அறிக்கையில் எழுதினார்கள்.

விசாரணைக்கு வந்தவர் என் சமையலறை மேஜையில் வைத்து உன்னைக் கேட்டார்: “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி உரிஞ்சு வந்து பாத்திருக்கீங்களா?”

“இல்லைங்க. இதுதான் மொதல் தடவை” என்றாய். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்ற வாகாகக் கோப்பையை என் பக்கம் நகர்த்திக் கொடுத்தாய்.

அடக்கம் முடிந்த அன்று சர்ச் கூடத்துச் சாப்பாட்டில் மாட்டு டாக்டர் லோவெல் ஹம்ஸாவிடம் நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. “அத்தானுக்கு எப்பவுமே அவசரம். கெளம்பறதுக்கு முன்னாடி டேங்க்குலேர்ந்து கொஞ்சம் பெட்ரோலை வடிச்சுப் பாத்திருக்க மாட்டார்.” அன்றிலிருந்து ஊரே அதைத்தான் சொல்கிறது. ராய்ஸ் அவசரக்காரர். ராய்ஸ் பார்க்கவில்லை.

குப்பி என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. அதைப் பார்த்த பிறகும் நாலு நாள் ஷெட் சாவி என் கையில் இருந்தது. உன் புது விமானம் அங்கே முழுசாக நின்றது. முதல் விமானத்தின் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடித்தபோது வெளியே நின்று ஆணி அடிக்கும் துப்பாக்கியைப் பிடித்தது நீ. உள்ளே குனிந்து இரும்புக் கட்டியைத் தாங்கிக் கொடுத்தது நான். எந்த நட்டு எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புது விமானத்தில் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன்.

ஆர்டித்


வெசெலி
ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அக்கா, நீ துக்கத்தில் இருக்கிறாய். அதனால் கோபப்படாமல் எழுதுகிறேன். அந்தக் குப்பியில் இருப்பது நீ நினைப்பது இல்லை. பூச்சு எப்படிக் காய்கிறது என்று பார்க்க ஒரு தகரத் துண்டில் பூசிச் சுரண்டி எடுத்தது. விமானம் கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படிச் சோதனை செய்து பார்ப்பார்கள். எதை எதோடு முடிச்சுப் போடுகிறாய் பார்.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருப்பது உண்மையென்றால் அது சிறைக்குப் போகிற குற்றம். இந்தக் கடிதத்தை ஷெரிஃபிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் உன் கதி என்ன? என் சொந்த அக்காவை அந்த நிலைக்கு ஆளாக்க எனக்கு மனசு இல்லை.

செப்டம்பர் 26ஆம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பறக்கலாம். என் இதயத்தில் இரண்டு குழாய் வைத்திருப்பது உனக்குத் தெரியும். பெரிய விமானம் ஓட்ட டாக்டர் சர்டிபிகேட் இனி எனக்குக் கிடைக்காது. கார் லைசென்ஸே போதும் என்கிற இந்தச் சின்ன ரகம்தான் மிச்சம். அதற்காகத்தான் இரண்டு வருஷமாக ராப்பகலாகக் கட்டினேன். எனக்கு அறுபத்து மூன்று வயது. இன்னொன்று கட்ட ஆயுசு இல்லை.

விளையாட்டை நிறுத்து.

உன் தம்பி எமில்

இறக்கையிலா, வாலிலா, அதையாவது சொல்.


கிராண்ட் ஐலண்ட்
ஆகஸ்ட் 11

எமில்,

போனில் உன் குரல் எனக்கு வேண்டாம். பேச்சில் நீ யாரையும் மயக்கிவிடுவாய். எழுது.

தகரத் துண்டில் சுரண்டியதற்கு ‘வலது டேங்க்’ என்று ஏன் லேபிள் ஒட்டினாய்? பொய்யையாவது உன் ரிவெட் வேலை மாதிரி சுத்தமாகச் செய்.

ஷெரிஃபிடம் தாராளமாகப் போ. நானும் வருகிறேன், குப்பியோடு.

இறக்கையிலா வாலிலா என்று கேட்கிறாய். 2006 ஜூனிலிருந்து 2008 மே வரை இருபத்து மூன்று மாதம் உனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் என் வீட்டு மேஜையில் ராய்ஸுக்கு எதிரில் உட்கார்ந்து வாத்துக் கறியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டாய். “இன்னைக்கு மேல ரொம்ப சொகமா இருந்துச்சு எமில், ஆத்தை ஒட்டியே போனேன்” என்று அவர் சொல்வார். நீ தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொள்வாய்.

உனக்கு மட்டும் எட்டே நாளில் தெரிய வேண்டுமா?

ஆர்டித்


வெசெலி
ஆகஸ்ட் 20

அக்கா,

விமானத்தைப் பிரித்துவிட்டேன்.

முதலில் டேங்க்கை வடித்தேன். நீ அங்கேதான் கை வைத்திருப்பாய் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. எல்லா மூடிகளையும் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு இறக்கைகளைக் கழற்றிப் போர்வை விரித்து வைத்தேன். கம்பிகளை ஒவ்வொரு அங்குலமாகத் துணியால் இழுத்துப் பார்த்தேன், எங்காவது ஒரு இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும் என்று. மாட்டவில்லை. இருநூற்றுப் பதினாலு போல்ட். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை. வாலில் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துத் தகட்டைத் திறந்தேன். உள்ளே காலியாக இருந்தது.

ஒன்றே ஒன்று கிடைத்தது. சுக்கானைத் திருப்பும் இடது பெடலில் ஒரு நட்டு கைமுறுக்கிலேயே நின்றது. விரலால் கழன்று வந்தது. இறங்கும்போது அது கழன்றிருந்தால் விமானம் ஓடுதளத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

இதுதானே? ஆம் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விட்டுவிடுகிறேன்.

குப்பி விஷயம். அது டேங்க்கிலிருந்து வந்ததுதான். சுத்தம் செய்துவிட்டேன், அக்கா. அதற்குப் பிறகு பதினோரு மாதம் நானே பறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இனி உரியாது என்று நினைத்தேன். நினைத்தது தப்பாகிவிட்டது. எவனும் வேண்டுமென்று செய்வானா?

எமில்


கிராண்ட் ஐலண்ட்
ஆகஸ்ட் 25

எமில்,

நட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது ஆகவும் இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

‘உன்மேல் எனக்குக் கோபம் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன்.

நேற்று அதில் ராய்ஸ் சேர்த்து வைத்திருந்த உங்கள் பறப்போர் சங்கத்து மாத இதழ்களை எடுத்துப் பார்த்தேன். 2006 மார்ச். ‘ஒழுகாத டேங்க்: என் முறை’, எழுதியவர் எமில் குபிசெக். பூச்சை ஊற்றி, டேங்க்கை உருட்டி, வடித்துக் காயவிட்டால் போதும் என்று படம் போட்டு விளக்கியிருக்கிறாய். ஏப்ரல் இதழில் நன்றிக் கடிதங்கள். நாலு பேர் உன் முறைப்படியே செய்ததாக எழுதியிருக்கிறார்கள். அந்த நாலு பேரும் இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கிறார்கள். லோவெல் ஒருவர். ஷெரி புரோகாஷ் ஒருத்தி. அவளுக்கு ஒன்பது வயதில் இரட்டைப் பெண்கள்.

ஜூன் மாதம் உனக்குத் தெரிந்தது. அடுத்த இதழில் எழுதவில்லை. ராய்ஸ் செத்த பிறகும் எழுதவில்லை. “அத்தானுக்கு அவசரம்” என்று மட்டும் சொன்னாய்.

நேற்றே நாலு பேருக்கும் போன் செய்துவிட்டேன். “எமில் ஒரு விஷயம் சொல்வான். அதுவரைக்கும் விமானத்தை வெளிய எடுக்காதீங்க” என்றேன். லோவெல் துருவித் துருவிக் கேட்டார். “என்னம்மா, என்ன விஷயம்? நீயே சொல்லேன்” என்றார். “அவன் வாயால வரட்டும் டாக்டர்” என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை, சங்கக் கூட்டம். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல். எப்போது பார்த்தாய், ஏன் மறைத்தாய், விசாரணையில் என்ன பொய் சொன்னாய், ராய்ஸ்மேல் எப்படிப் பழி போட்டாய், எல்லாம். சொன்ன பிறகு உன் விமானத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஆர்டித்


வெசெலி
ஆகஸ்ட் 29

அக்கா,

நாலு பேரும் மாற்றி மாற்றிப் போன் செய்கிறார்கள். நான் எடுக்கவில்லை. நேற்று லோவெல் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் நானே திருடன் மாதிரி.

உன்னிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஜூன் காலையில் ஓடுதளத்து முனையில் திரும்பும்போது என்ஜின் இருமியது. ஷெட்டுக்குக் கொண்டுவந்து வடிகட்டியைக் கழற்றினேன். பாதி அடைத்திருந்தது. உரிந்ததை எடுத்துக் குப்பியில் போட்டேன். விமானத்துக்கு என்ன நடந்தாலும் எழுதி வைக்க வேண்டிய பதிவேட்டைத் திறந்தேன். தேதி போட்டேன். அந்த நேரம் பார்த்து லோவெல் வண்டியில் வந்து இறங்கினார். “நீ எழுதினபடியே செஞ்சேன்யா. மூணு மாசமாச்சு, இன்னும் ஒரு சொட்டு ஒழுகல. வாத்தியார்யா நீ” என்று முதுகில் தட்டினார். அதற்கு முந்தின வாரம்தான் மாநில விமானக் கண்காட்சியில் அந்த விமானத்துக்கு முதல் பரிசு, நீல ரிப்பன் கொடுத்திருந்தார்கள்.

பேனாவை மூடிவிட்டேன். தேதி எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறினேன், அக்கா. யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த ஒரு வேலையில்தான் நாலு பேர் வந்து கேட்டார்கள்.

அத்தான் வாங்க வந்த அன்று இறக்கையைத் தடவிக்கொண்டே கேட்டார். “மாப்ளே, ஏதாச்சும் கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் ஒன் அக்காகிட்ட நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்.”

“தங்கமான வண்டி அத்தான்” என்றேன்.

இதோ, சொல்லிவிட்டேன். உனக்கு வேண்டியது இதுதானே? கூட்டத்தில் மட்டும் வேண்டாம். நான் தனித்தனியாக நாலு பேர் வீட்டுக்கும் போய், இந்தப் பூச்சைப் பற்றிப் புதிதாக ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, சுரண்டி எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஆபத்து இருக்காது. என் பெயரும் தப்பும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

எமில்


கிராண்ட் ஐலண்ட்
செப்டம்பர் 2

எமில்,

உன் பெயர் தப்பும். ராய்ஸின் பெயர்?

எழுந்து நின்று சொல். உட்கார்ந்துகொண்டு அல்ல.

நீ சொல்லாவிட்டால் 13ஆம் தேதி நாலு பேர் வீட்டுக்கும் நான் போவேன். குப்பியையும் உன் ஆகஸ்ட் 29 கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போவேன்.

ஆர்டித்


வெசெலி
செப்டம்பர் 14

அக்கா,

சொல்லிவிட்டேன்.

லோவெலின் விமானக் கொட்டகையில்தான் கூட்டம். பத்தொன்பது பேர். வழக்கம் போலக் காபி, கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டி. தலைவர் போன மாதக் குறிப்பை வாசித்து முடித்ததும் எழுந்து நின்றேன். எழுதிக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டேன். அதனால் மனசிலிருந்து சொன்னேன். நீ எழுதியிருந்த வரிசையிலேயே சொன்னேன். எதையும் விடவில்லை.

முடித்த பிறகும் நான் உட்காரவில்லை.

ஷெரிதான் முதலில் பேசினாள். “போன மாசம் என் பொண்ணுங்களை ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி ஏத்திட்டுப் போனேன். அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு கையாட்டுனீங்க. ஞாபகம் இருக்கா?” என்றாள். ஞாபகம் இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வெளியே அவள் கார் கிளம்பியது.

பிறகு லோவெல். கத்தவில்லை. “அடக்கத்தன்னைக்கு ராய்ஸைப் பத்தி எங்கிட்ட என்ன சொன்ன? அதை இப்பத் திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன். “இன்னொரு தடவை. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல” என்றார். மறுபடி சொன்னேன். “அதை ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தவன் நான். செத்த மனுஷனைப் பத்தி” என்றார்.

என்னிடம் இருந்த சங்க அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பழைய இதழ்களிலிருந்து என் கட்டுரையை எடுத்துவிடப் போகிறார்களாம். விசாரணை அலுவலகத்துக்கும் எழுதுகிறார்கள்.

நேற்று நாலு பேரும் டேங்க்கைத் திறந்து பார்த்தார்கள். மூன்று பேருடையது நன்றாக இருக்கிறது. ஷெரியின் இடது டேங்க்கில் உரிய ஆரம்பித்திருக்கிறது. இதை அவள் சொல்லவில்லை. தபால்காரர் சொன்னார்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இப்போது சொல். என் விமானத்தில் என்ன செய்தாய்?

எமில்


கிராண்ட் ஐலண்ட்
செப்டம்பர் 18

எமில்,

லோவெல் என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “ராய்ஸ்கிட்ட மன்னிப்புக் கேக்க முடியாது. ஒங்கிட்டதான் கேக்கணும்” என்றார். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நானும் காப்பாற்றுகிறேன்.

உன் விமானத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை.

உன் வீட்டில் நான் இருந்த கடைசி நாளுக்கு முந்தின நாள் ஷெட்டுக்குள்ளே போனேன். அது உண்மை. சுவரிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். இறக்கை உடம்போடு சேருகிற இடத்துப் பெரிய போல்ட்டில் மாட்டினேன். கால் சுற்று திருப்பினால் போதும். என் கை நடுங்கவில்லை, எமில். அதைக் கண்டுதான் பயந்தேன். ஸ்பானரை எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெடலில் தளர்ந்து நின்ற நட்டு நான் செய்தது இல்லை. அது நீயே விட்டது.

ஆர்டித்


வெசெலி
செப்டம்பர் 23

அக்கா,

நான் நட்டை விட மாட்டேன். ஒவ்வொன்றையும் முறுக்கிய கையோடு அதன்மேல் சிவப்புக் கோடு போடுவது என் பழக்கம். அந்த நட்டில் கோடு இல்லை. நான் போட மறந்தேனா, நீ துடைத்தாயா? உன் கடிதம் வந்ததிலிருந்து இதையே யோசிக்கிறேன்.

நீ செய்யவில்லை என்றால் ஆகஸ்டில் ‘ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன்’ என்று ஏன் எழுதினாய்? அப்போது பொய் சொன்னவள் இப்போது உண்மை சொல்கிறாய் என்று எதை வைத்து நம்புவது?

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டரை அக்டோபர் 9ஆம் தேதிக்கு மாற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்குத் தெரிவதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான். நான் உள்ளே ஏறி உட்காருகிறேன். கை சாவியிடம் போகிறது. திரும்பி வந்துவிடுகிறது. மூன்று நாளாக இப்படி.

ஒன்று கேட்கிறேன். நீ சொல்வது நிஜமென்றால் முதல் நாள் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார். நீ உட்கார்ந்தால் நம்புவேன்.

எமில்


கிராண்ட் ஐலண்ட்
செப்டம்பர் 28

எமில்,

புதிதாகக் கட்டிய விமானத்தில் முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுகிறவனைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்பது சட்டம். ராய்ஸின் சமையலறையில் அதை நீ எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். இன்றைக்கு உன் பயத்துக்காக என்னை அதில் ஏற்றத் தயாராக இருக்கிறாய்.

சட்டம் இல்லாவிட்டாலும் வர மாட்டேன். நான் அந்த விமானத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டியது நீ.

என்னை எதை வைத்து நம்புவது என்று கேட்டிருக்கிறாய். உன் வீட்டில் தூங்காமல் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிரு. நான் ஜூலையிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். ‘அத்தான் இறந்த அன்னைக்கு நானும் செத்துட்டேன் அக்கா’ என்று கல்லறையில் என் தோளில் சாய்ந்து அழுதாயே. அந்த அழுகையில் எத்தனை சொட்டு நிஜம்?

ஆர்டித்


வெசெலி
அக்டோபர் 18

அக்கா,

நேற்றுப் பறந்தேன். இருபத்திரண்டு நிமிஷம்.

வேடிக்கை பார்க்க ஒருத்தரும் வரவில்லை. யாராவது ஒரு விமானத்தை முதல் முறையாக எடுத்தால் சங்கமே வந்து நிற்கும். அத்தானுடைய முதல் நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நேற்று பூனைகள் இரண்டும் நானும்தான். ஷெரியிடம் மட்டும் போன் செய்து எந்த நேரம் கிளம்புகிறேன் என்று சொன்னேன். திரும்பி வராவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டுமே. “சரி” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வேகமாகவே எழும்பியது. கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல விமானம். ஆற்றுக்கு மேலே போய்ச் சூரியன் பக்கம் திரும்பினேன். கீழே மக்காச்சோளம் பாதி அறுத்துக் கிடந்தது. இதற்காகத்தானே இரண்டு வருஷம். ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை. என் கால் அந்த இடது பெடலைத் தடவிக்கொண்டே இருந்தது. காது என்ஜினிலேயே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும், அக்கா செய்தது இதுதானா, இதுதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டு நிமிஷமும்.

தரையிறங்கி என்ஜினை நிறுத்தியதும் முதல் வேலையாகக் குனிந்து அந்தப் பெடல் நட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

நீ செய்திருந்தால் அது பலித்துவிட்டது. செய்யாவிட்டாலும் பலித்துவிட்டது.

எமில்


கிராண்ட் ஐலண்ட்
அக்டோபர் 22

எமில்,

நீ கிளம்பும் நேரத்தை ஷெரி எனக்குச் சொன்னாள். அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்தேன். உன் ஓடுதளத்துக்குக் கிழக்கே மண் ரோட்டில், ராய்ஸ் விழுந்த வயலை ஒட்டிக் காரை நிறுத்தினேன். நீ பார்த்திருக்க மாட்டாய்.

பொய் சொல்ல மாட்டேன். நீ எழும்பியபோது அந்த என்ஜின் நின்றுவிடாதா என்று என் மனசில் ஒரு பகுதி காத்திருந்தது. உன் வேலையாலேயே நீ விழ வேண்டும், என் கை படாமல். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

சூரியன் பக்கம் திரும்பினாய். கண் கூசி உன்னைத் தவறவிட்டேன். காற்று மாறி அடித்ததில் சத்தமும் நின்றுபோனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மறுபடி சத்தம் கேட்டபோது நான் காரில் இல்லை. கதவு திறந்து கிடந்தது. வாய்க்காலைத் தாண்டி அறுத்த சோளத் தட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு செருப்பு சேற்றிலேயே போய்விட்டது. அறுபத்தேழு வயதில் அந்த வாய்க்காலை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே புரியவில்லை.

இதை எதற்காகச் சொல்கிறேன் தெரியுமா? நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கா மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நான் மன்னிக்கவில்லை. நீ விழுந்திருந்தால் முதல் ஆளாக ஓடி வந்து உன்னை வெளியே இழுத்துப் போட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊட்டிவிட்டு, உன்னை உயிரோடு வைத்திருப்பேன். எமில், அவ்வளவு சீக்கிரம் உன்னை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஆர்டித்